பழைய டிரெய்லருக்கு ஏபிஎஸ்: நாமக்கல் பட்டறையில் கிட் மாட்டிய கதை

பழைய டிரெய்லரில் ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்கிற அமைப்பு) மாட்டிக் கொடுத்த பட்டறையைப் பற்றிய தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரம் இல்லாதவர்கள் இதோடு போய்விடலாம். ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), டோன் ரிங் (அதில் மாட்டுகிற பல் வளையம்), சென்சார் வேலைக்கு இந்தப் பட்டறையை நம்பி வண்டியை விடலாம். ஏர் லைன் (பிரேக்குக்குக் காற்று போகிற குழாய்) வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வயரிங்குக்கு மட்டும் நம் எலக்ட்ரீசியனைக் கையோடு கூட்டிக்கொண்டு போவது நல்லது. மொத்தத்தில் 5-க்கு மூன்றரை. குறையும் சொல்லப் போவதால் பட்டறைப் பெயரைப் போடவில்லை, நாமக்கல்லில் இருந்து திருச்செங்கோடு போகிற பக்கம் டிரெய்லர் ஆக்ஸில் வேலை செய்கிற இடங்களில் ஒன்று, அவ்வளவுதான். கிட் கம்பெனி பெயரையும் விட்டுவிட்டேன், ஏனென்றால் இந்த வகை கிட் யார் செய்ததாக இருந்தாலும் மாட்டுகிற முறையில் பெரிய வித்தியாசம் கிடையாது, கெட்டுப்போகிற இடங்களும் ஒன்றுதான்.

வண்டி என்னவென்றால் 40 அடி ஸ்கெலட்டன் டிரெய்லர் (கன்டெய்னர் உட்காருகிற வெறும் சட்டம்), 3 ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங், டிரம் பிரேக். கரூர், திருப்பூர் பக்கம் கன்டெய்னர் ஏற்றி தூத்துக்குடி துறைமுகம் போய், பெரும்பாலும் காலிப் பெட்டியோடு திரும்பும். டிரெய்லர் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், தொல்லை லோடோடு போகும்போது வருவதில்லை, காலியாகத் திரும்பும்போதுதான். எடை இல்லாத டிரெய்லரில் பெடலைக் கொஞ்சம் அழுத்தி மிதித்தாலே சக்கரம் பூட்டிக்கொள்ளும், மழை ஈரம் இருந்தால் பின்பக்கம் தனியாகப் பக்கவாட்டில் நடக்க ஆரம்பிக்கும். அது தப்பினாலும் டயர் தப்பாது, ஒரே இடத்தில் தேய்ந்து பட்டையாகிவிடும், அப்புறம் அந்த டயர் உருளும்போதெல்லாம் தடதடவென்று அடிக்கும். வருஷத்துக்கு இப்படி வீணாகிற டயர் காசையும், சரக்கு கொடுக்கிற கம்பெனிகள் இப்போது ஏபிஎஸ் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்திருப்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் இந்தச் செலவுக்கு இறங்கினேன். புதிய கனரக லாரிகளுக்கு 2015 வாக்கிலேயே இங்கே ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டது, இழுவை வண்டி பிஎஸ்6 என்றால் டேஷ்போர்டில் டிரெய்லர் ஏபிஎஸ் விளக்குகூட இருக்கும். பின்னால் மாட்டியிருக்கிற பழைய டிரெய்லரில்தான் ஒன்றும் இருக்காது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் டிரைவர்களே தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஏபிஎஸ் மாட்டினால் தொப்பூர் கணவாயில் பயமில்லாமல் இறங்கலாம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். தொப்பூரில் நடப்பது வேறு. இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து, டிரம் சூடேறி, லைனிங் பிடிப்பை இழந்து, பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காமல் போவது அது. ஏபிஎஸ் என்பது பூட்டப்போகிற சக்கரத்தில் காற்றைக் கொஞ்சம் விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி விட்டு, நொடிக்குப் பல முறை இப்படிச் செய்வது. சூடேறி வழுக்குகிற டிரம்முக்கு அதனிடம் மருந்து இல்லை, அதற்குக் கீழ் கியரும் எக்ஸாஸ்ட் பிரேக்கும்தான். அதேபோல ஜல்லி, மண் ரோட்டில் ஏபிஎஸ் இருந்தால் நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம். அது கொடுப்பது என்னவென்றால், வண்டி நேராக நிற்கும், டிரெய்லர் பக்கவாட்டில் வீசாது. எனக்கு அதுவே போதும்.

சரி, கிட். 2எஸ்/2எம் என்றால் 2 சென்சார், 2 மாடுலேட்டர் (பிரேக்குக்குப் போகிற காற்றை விட்டுப் பிடிக்கிற வால்வு). ஒரே ஒரு ஆக்ஸிலில் இடது பக்கம் ஒரு சென்சார், வலது பக்கம் ஒன்று. இடது மாடுலேட்டர் இடது பக்கத்து 3 சக்கரங்களுக்கும் காற்றைக் கட்டுப்படுத்தும், வலதும் அப்படியே. சென்சார் இல்லாத ஆக்ஸில்கள் சென்சார் இருக்கிற ஆக்ஸில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போகும். 4எஸ்/2எம் எடுத்தால் இரண்டு ஆக்ஸிலில் சென்சார் வரும், 3 ஆக்ஸில் வண்டிக்கு அது இன்னும் நல்லது, விலையும் ஹப் வேலையும் அதற்கேற்ற மாதிரி ஏறும். நான் 2எஸ்/2எம் எடுத்தேன். பெட்டிக்குள் ஈசியூவும் (சென்சாரைக் கேட்டு மாடுலேட்டருக்குக் கட்டளை கொடுக்கிற மின்னணு மூளை) மாடுலேட்டரும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு அலுமினியக் கட்டி, சென்சார்கள், அவற்றைப் பிடிக்கிற ஸ்பிரிங் புஷ்கள், நீட்டிப்பு கேபிள்கள், முன்பக்கம் வருகிற பெரிய ஏபிஎஸ் கேபிள், ஒரு ஸ்டிக்கர். டோன் ரிங் தனி. சென்சாரைப் பிடிக்கிற பிளாக் தனி. இதைக் கடைக்காரர்கள் முதலில் சொல்வதில்லை, கிட் விலையைக் கேட்டுவிட்டு மொத்தச் செலவு அவ்வளவுதான் என்று நினைக்காதீர்கள். எனக்கு ரிங், பிளாக், ஹப்பைக் கடைசல் பிடித்த கூலி, மாட்டுக் கூலி எல்லாம் சேர்ந்து கிட் விலையில் பாதியைத் தாண்டிவிட்டது. உங்கள் ஆக்ஸில் ஏபிஎஸ் ரெடியாக வந்ததாக இருந்தால் இந்தச் செலவு பெரும்பாலும் மிச்சம், அதனால் பெட்டியை வாங்குவதற்கு முன்னால் ஒரு டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

கம்பெனிகள் பற்றி ஒரு சின்ன விஷயம். பட்டறைகளில் எந்த ஏபிஎஸ் கட்டியைப் பார்த்தாலும் வாப்கோ என்றுதான் சொல்வார்கள். சென்னையில் சுந்தரம் கிளேட்டன் காலத்தில் இருந்து வளர்ந்த பிரேக் தொழில் அது, 2020-ல் வாப்கோவை ஜெர்மனியின் இசட்எஃப் வாங்கிவிட்டது. நார் பிரெம்ஸே, ஹால்டெக்ஸ் என்று வேறு பெயர்களும் உண்டு. எதை எடுத்தாலும் நம் ஊரில் சென்சாரும் கேபிளும் உதிரியாகக் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு எடுங்கள், ஈசியூ போவதைவிட கேபிள் போவதுதான் அதிகம்.

எந்த ஆக்ஸிலில் சென்சார் போடுவது என்பதுதான் முதல் கேள்வி. சில இடங்களில் எது கைக்கு வசதியோ அதில் போட்டுவிடுவார்கள். பட்டை ஸ்பிரிங் வண்டியில் பிரேக் பிடிக்கும்போது எடை எல்லா ஆக்ஸிலுக்கும் சமமாகப் போகாது, ஒன்று அழுந்தும், ஒன்று லேசாகும், லேசாகிறது முதலில் பூட்டும். முதலில் பூட்டுகிற ஆக்ஸிலில் சென்சார் இல்லையென்றால் ஈசியூவுக்கு விஷயமே தெரியாது. இந்தப் பட்டறையின் பெரிய மேஸ்திரி நான் கேட்பதற்கு முன்னாலேயே சஸ்பென்ஷன் கம்பெனிக்குப் போன் போட்டு, டிரெய்லரின் அமைப்பைச் சொல்லி, எந்த ஆக்ஸில் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அந்த ஒரு போனுக்காகவே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

ஹப் வேலையைப் பற்றி நீளமாகச் சொல்லலாம், அவ்வளவு நன்றாகச் செய்தார்கள். டோன் ரிங் என்பது 100 பல் இருக்கிற வளையம், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும், ஒவ்வொரு பல்லும் சென்சார் முன்னால் போகும்போது சின்ன மின் துடிப்பு உண்டாகும், அதை எண்ணித்தான் ஈசியூ வேகத்தைக் கணக்குப் போடுகிறது. ரிங் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் ஒரு சுற்றில் துடிப்பு ஏறி இறங்கும், ஈசியூ சக்கரம் பூட்டுகிறது என்று நினைத்துத் தேவையில்லாமல் காற்றை விடும். அதனால் ஹப்பில் ரிங் உட்காருகிற இடத்தை லேத்தில் சுத்தமாகக் கடைந்து, ரிங்கைச் சூடாக்கி விரியவைத்து இறக்கினார்கள், சுத்தியலால் அடிக்கவே இல்லை. ஆறினதும் டயல் கேஜ் (சின்ன ஆட்டத்தையும் அளந்து காட்டுகிற கருவி) வைத்து ஹப்பைச் சுற்றிப் பார்த்தார்கள். 0.2 மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது என்பது கணக்கு. டயல் கேஜை எடுக்கிற பட்டறை எது, கண்ணால் பார்த்து சரி என்கிற பட்டறை எது என்பதை இந்த இடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

சென்சார் மாட்டுவதும் அப்படியே. ஸ்பிரிங் புஷ்ஷை ஓட்டையில் முழுதாக இறக்கி, அதற்கென்று இருக்கிற கிரீஸைத் தடவி, சென்சாரை ரிங்கில் முட்டுகிற வரை கையால் தள்ள வேண்டும். இடைவெளி விட வேண்டாமா என்று பக்கத்தில் நின்ற இன்னொரு ஓனர் கேட்டார். வேண்டாம். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் ரிங்கே சென்சாரைத் தேவையான அளவு பின்னால் தள்ளிக்கொள்ளும், புஷ்ஷின் பிடி அதை அங்கேயே நிறுத்திவைக்கும். இதில் ஒரு மறைமுக லாபமும் இருக்கிறது. வீல் பேரிங் லூஸ் ஆனால் ஹப் ஆடும், ஆடுகிற ஹப் சென்சாரை இன்னும் பின்னால் தள்ளிவிடும், இடைவெளி அதிகமாகி ஏபிஎஸ் விளக்கு எரியும். விளக்கு எரிந்ததும் சென்சாரை மாற்றச் சொல்கிற கடைக்குப் போவதற்கு முன்னால் ஜாக்கி போட்டு சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள்.

மாட்டி முடித்ததும் மேஸ்திரி மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, சக்கரத்தைக் கையால் இரண்டு நொடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் சுற்றினார். 0.2 வோல்ட்டாவது வர வேண்டும், எங்களுக்கு இரண்டு பக்கமும் அதற்கு மேலேயே வந்தது. இரண்டு பக்கத்து எண்ணையும் பில்லின் பின்னால் எழுதிக் கொடுத்தார். யாரும் கேட்காமலே.

இப்போது ஏர் லைன். இங்கேதான் பையன்களிடம் வேலை போனது, தரமும் இறங்கியது. ஈசியூ கட்டியைக் காற்று டேங்குக்குப் பக்கத்தில் சேஸிஸில் பிராக்கெட் போட்டு ஏற்றினார்கள், அது சரி. போர்ட் எண்கள் கட்டியிலேயே அச்சாகியிருக்கும்: 1 என்பது டேங்கில் இருந்து வருவது, 2 என்பது பிரேக் சேம்பருக்கு (காற்றின் அழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளுகிற டப்பா) போவது, 4 என்பது மஞ்சள் ஹோஸ் வழியாக டிரைவர் பெடலில் இருந்து வருகிற கட்டளை. மாற்றிக் கொடுக்க வழியே இல்லை. ஆனால் ஃபிட்டிங் மரையில் பையன் வெள்ளை டேப்லான் டேப்பை இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். நிறுத்தச் சொன்னேன். "டேப் சுத்தலைன்னா லீக் ஆகுமுங்ணா" என்றான். வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு அது சரி. இங்கே அந்த டேப்பின் சின்ன நூல் பிய்ந்து மாடுலேட்டருக்குள் போனால் வால்வு முழுதாக மூடாது, ஒரு பக்கம் காற்று கசிந்துகொண்டே இருக்கும், மாடுலேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்வதெல்லாம் ரோட்டோரத்தில் நடக்காத காரியம். கிட் கையேட்டிலேயே டேப் கூடாது, பேஸ்ட் சீலன்ட் போடுங்கள் என்று இருக்கிறது. கையேட்டைக் காட்டினதும் மேஸ்திரி வந்து பையனைத் திட்டிவிட்டு எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்து மறுபடி போட வைத்தார். திட்டியது சரி, ஆனால் நான் டீ குடிக்கப் போயிருந்தால்?

நைலான் குழாயை ஹேக்ஸா பிளேடால் அறுத்தார்கள், இதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கட்டர் வைத்து நேராக வெட்டினால்தான் முனை ஃபிட்டிங்கில் சரியாக உட்காரும், பிசிறும் உள்ளே விழாது. டேங்கை மாட்டுவதற்கு முன்னால் தண்ணீரையும் எண்ணெய்ப் பிசுக்கையும் வடித்து, குழாய்களில் காற்றடித்துச் சுத்தம் செய்தது மட்டும் அவர்களாகவே செய்தார்கள். பழைய டிரெய்லர் டேங்கில் இருந்து வந்த அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்தவர்கள் யாரும் டேங்க் வடிப்பதைத் தள்ளிப்போட மாட்டார்கள். கடைசியில் சோப்புத் தண்ணீர் அடித்து எல்லா ஜாயின்ட்டையும் பார்த்தோம், இரண்டு இடத்தில் குமிழி வந்தது, இறுக்கியதும் நின்றது.

வயரிங்கில் என் பொறுமை போய்விட்டது. நம் ஊர் வண்டி 24 வோல்ட், ஏபிஎஸ்ஸுக்கு ஐஎஸ்ஓ 7638 என்ற 5 பின் சாக்கெட். முதல் பின்னில் பேட்டரியில் இருந்து நேராக வருகிற தடித்த சிவப்பு, இரண்டாவது கீ போட்டதும் வருகிற கறுப்பு, மூன்றும் நான்கும் எர்த், ஐந்தாவது டேஷ்போர்டு விளக்குக்குப் போகிற வெள்ளை. இதே வடிவத்தில் 7 பின் சாக்கெட்டும் உண்டு, கூடுதல் இரண்டும் டேட்டாவுக்கு, புதிய இழுவை வண்டிகளில் அது இருக்கலாம். பட்டறை எலக்ட்ரீசியன் யூடியூபில் அமெரிக்க வீடியோக்கள் பார்த்துப் பழகியவர் போல, லைட் சாக்கெட்டில் இருந்தே கரன்ட் எடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தார். அமெரிக்காவில் 1998 மார்ச்சில் இருந்து புது ஏர் பிரேக் டிரெய்லர்களில் ஏபிஎஸ் கட்டாயம், அங்கே லைட் போகிற அதே 7 பின் பிளக்கில் நீல வயர் வழியாக ஏபிஎஸ்ஸுக்கு எப்போதும் கரன்ட் போகும், ஆனால் அது 12 வோல்ட், அவர்கள் பிளக்கும் வேறு, வயர் தடிமனும் வேறு. இங்கே ஏபிஎஸ்ஸுக்கென்று தனி சாக்கெட் இருக்கும்போது லைட் சாக்கெட்டுக்கு ஏன் போக வேண்டும்? ஸ்டாப் லைட் வயரில் இருந்து எடுப்பது உதவிக்கு வைத்துக்கொள்ளலாம், சில கிட்களில் அதற்கு இடமும் கொடுத்திருக்கிறார்கள். அதையே முக்கிய இணைப்பாக வைத்தால் பிரேக் மிதிக்கிற நேரத்தில்தான் ஈசியூவே தூங்கி எழும். 12 மீட்டர் நீள டிரெய்லரில் மெல்லிய பழைய வயர் வழியாகப் பின்னால் போய்ச் சேருவதற்குள் வோல்டேஜும் விழுந்திருக்கும்.

அதைத் தடுத்தால் அடுத்தது. சென்சார் நீட்டிப்பு கேபிள் நீளமாக இருக்கிறது என்று அறுத்து, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டார். ஒரு மழை போதும் அந்த ஜாயின்ட் பச்சை பிடிக்க. சென்சாரில் இருந்து வருவதே துளி வோல்டேஜ், அதில் துரு வேறா? மிச்சக் கேபிளை அறுக்கவே கூடாது, வட்டமாகச் சுற்றிவைக்காமல் மடித்து, டிரம் சூட்டில் இருந்தும் ஸ்பிரிங் ஆடுகிற இடத்தில் இருந்தும் தள்ளிக் கட்டிவிட வேண்டும். கட்டும்போது டையை நெரித்து இறுக்கவும் கூடாது. புதுக் கேபிள் வாங்கிப் போட வைத்தேன், அதற்குக் காசு யார் கொடுப்பது என்று கொஞ்ச நேரம் வாக்குவாதம், கடைசியில் பாதிப் பாதி. எனக்கு அது நியாயமாகப் படவில்லை, வண்டி பிட்டில் (அடியில் இறங்கி வேலை செய்கிற பள்ளத்தின் மேல்) நிற்கும்போது சண்டை போட முடியாது என்பதால் விட்டேன்.

இன்னொன்று, இதைப் பாடி கட்டுகிற எல்லோருக்கும் சொல்கிறேன். ஈசியூ மாட்டின பிறகு சேஸிஸில் வெல்டிங் அடிப்பதானால் முதலில் ஈசியூ பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். நம் பட்டறைகளில் வெல்டிங் கம்பி எந்த நேரத்தில் எங்கே தொடும் என்று சொல்ல முடியாது. இந்தப் பட்டறையில் மட்கார்டு பிராக்கெட்டுக்கு வெல்டிங் அடிக்க வந்தவரை மேஸ்திரியே நிறுத்தி, பிளக்கைக் கழற்றச் சொன்னார். பெயின்ட் அடிக்கும்போதும் கட்டியின் காற்றுப் போக்கியை மூடிவைத்துவிட்டு, முடிந்ததும் மறக்காமல் திறக்க வேண்டும்.

கீ போட்டுப் பார்த்தபோது விளக்கு எரிந்தது, மாடுலேட்டர்கள் டக் டக் என்றன, சில நொடியில் விளக்கு அணைந்தது. இப்படித்தான் இருக்க வேண்டும். விளக்கு எரியவே இல்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, பல்ப் போயிருக்கும் அல்லது யாரோ வயரைப் பிடுங்கியிருப்பார்கள். எஃப்சிக்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) கொண்டுபோகிற நாளில் விளக்கு எரியாமல் இருந்தால் போதும் என்று வயரைப் பிடுங்குகிற வேலை சில இடங்களில் நடக்கிறது, விவரம் தெரிந்த பிரேக் இன்ஸ்பெக்டர் கீயை ஒரு தடவை போட்டுப் பார்த்தாலே மாட்டிக்கொள்வீர்கள். பழைய கோளாறு ஒன்று பதிவாகியிருந்தால் நிற்கும்போது விளக்கு அணையாது, வண்டி கொஞ்சம் நகர்ந்து சக்கர வேகம் தெரிந்த பிறகுதான் அணையும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இடது சென்சார் இடது மாடுலேட்டருக்கே போகிறதா என்பதை மட்டும் பட்டறையில் யாரும் சரிபார்க்கவில்லை. மாறியிருந்தால் விளக்கு எரியாது, எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும், ஆனால் இடது சக்கரம் பூட்டும்போது வலது பக்கத்தில் காற்றை விடும். டயக்னாஸ்டிக் டூல் வைத்துப் பார்க்கலாம், அது அவர்களிடம் இல்லை. கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டே சக்கரத்தில் இருந்து கட்டி வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ரோட்டில் எப்படி என்றால், மழையில் காலிப் பெட்டியோடு வந்தபோது டிரைவர் ஓர் இடத்தில் நன்றாகவே மிதிக்க வேண்டியிருந்தது, டிரெய்லர் நேராக நின்றது, பின்னால் காற்று விட்டு விட்டுப் போகிற சத்தம் கேட்டது என்றார். முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்து காலை எடுத்துவிடுவார்கள், எடுக்கக் கூடாது, மிதித்த காலை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று டிரைவரிடம் முன்னாலேயே சொல்லிவைத்தது நல்லதாகப் போயிற்று. டயர்களில் இதுவரை பட்டை விழவில்லை. ஏபிஎஸ் சாக்கெட் இல்லாத என் இன்னொரு பழைய இழுவை வண்டியில் இதே டிரெய்லரை மாட்டினால் ஏபிஎஸ் வேலை செய்யாது, சாதாரண ஏர் பிரேக்காக ஓடும், பிரேக் பிடிப்பதில் குறை எதுவும் இல்லை. அந்த வண்டிக்கும் சாக்கெட் இழுக்க வேண்டும், அதைச் சங்ககிரியில் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீசியனிடமே கொடுத்துவிடுவேன்.

பில் ஜிஎஸ்டியோடு சரியாகக் கொடுத்தார்கள், கழற்றிய பழைய ரிலே வால்வையும் கேட்காமலே டூல் பெட்டியில் வைத்துவிட்டார்கள். கேன்டீன், ரெஸ்ட் ரூம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். பிட் ஒன்றுதான், அதனால் போன் செய்துவிட்டு, டிரெய்லரைக் காலியாக, டேங்கை வடித்துவிட்டுக் கொண்டுபோங்கள். அமாவாசை அன்று திறக்க மாட்டார்கள். பெரிய மேஸ்திரி இருக்கிற நாளா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், அவர் இல்லையென்றால் வேறு நாள் போவது உத்தமம்.